வெப்பக் கருவிகளுக்குப் பங்கு இல்லை

அந்தக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள் நான்தான். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகிவிடும்.

எங்கள் உப்பனாற்று மேட்டுக் குடியிருப்பில் அறுபத்திரண்டு வீடுகள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. எல்லா வீட்டுக் கூரையிலும் சூரியத் தகடு உண்டு. அதில் விளைகிற மின்சாரம் தெருக்கோடி அறையில் இருக்கும் பெரிய பேட்டரிக்குப் போய், அங்கிருந்து வீடுகளுக்கு வரும். யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது அந்த அறைச் சுவரில் மாட்டியிருக்கிற ஒரு பெட்டி. பங்குப்பெட்டி என்று பெயர். ஊர் லைனில் கரண்ட் இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. புயல் அடித்து லைன் அறுந்துவிட்டால் அன்றிலிருந்து அதுதான் தெருவுக்கு நாட்டாமை.

நாட்டாமை மகா மரியாதைக்காரர். எந்த வீட்டில் எந்த வயரைச் செருகினாலும் பிளக்குக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் முதலில் ஒரு கேள்வி வரும். "தாங்கள் யார்?" இந்தக் காலத்தில் எல்லா வயர் நுனியிலும் கடுகளவு சில்லு ஒன்று இருக்கிறதல்லவா, அது பதில் சொல்லும். நான் மின்விசிறி, நான் மிக்சி, நான் இன்ன எண்ணுள்ள ஆக்ஸிஜன் மெஷின் என்று. ஆக்ஸிஜன் மெஷின் என்றால் "வருக" என்று உடனே மின்சாரம் வரும். அதற்கடுத்து தண்ணீர் மோட்டார். அப்புறம்தான் விளக்கும் போனும்.

மூன்று வருடம் முன்பு அடித்த புயலில் பெட்டிக்கு இந்த அளவுக்குக் கண்டிப்பு கிடையாது. ஒரு வீட்டில் வெந்நீர் ஹீட்டர், ஒரு வீட்டில் முடி காயவைக்கிற மெஷின், மூன்று வீட்டில் மழைக்கு இதமாக இண்டக்ஷன் அடுப்பில் வடை. இரண்டாம் நாளே பேட்டரி காலி. குடிதண்ணீர் மோட்டார் நின்றுபோய், கண்ட தண்ணீரைக் குடித்து, தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தண்ணீர் வடிந்த பிறகு சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டபோது எழுந்து நின்று பொரிந்து தள்ளினேன்.

"சூடுங்கறது சொகுசு. வெளிச்சம் இல்லாம இருக்க முடியாது, தண்ணி இல்லாம இருக்க முடியாது. சூடு இல்லாம நாலு நாள் இருந்தா யாரும் செத்துட மாட்டோம். வெப்பம் உண்டாக்குற எதுக்கும் புயல் சமயத்துல பங்கு கிடையாதுன்னு பெட்டியில எழுதிடுவோம். விதிவிலக்கும் வேணாம், விதியைத் திறக்கிற சாவியும் யாரு கையிலயும் வேணாம்."

கைதட்டல் அடங்கியதும் கலியபெருமாள் அண்ணன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எதையும் கேட்காமல் விடமாட்டார்.

"ஏம்மா ஜெசிந்தா, உன் சால்டரிங் அயனும் சூடுதானே? அதுக்கு டிக்கெட் உண்டா, இல்லையா?"

"அதுக்கும் கிடையாதுண்ணே. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்" என்றேன். போன், காதுக்கருவி, படகில் வைக்கிற திசைகாட்டி எல்லாம் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஈயத்தை உருக்கி ஒட்டவைக்கிற அந்த அயன்தான் எனக்குச் சோறு போடுகிறது. என் சோற்றிலேயே நான் மண் அள்ளிப் போட்டதற்கும் கைதட்டல் கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்தக் கார்த்திகையில் மறுபடியும் புயல். லைன் அறுந்து மூன்றாம் நாள் காலையில், முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தையல்நாயகி அக்கா வந்தார். கலியபெருமாள் அண்ணனின் மனைவி.

"மெஷின் நின்னுடுச்சு ஜெசி. ரெண்டு தட்டு தட்டினா ஓடுது, திரும்ப நிக்கிது. இப்ப தட்டினாலும் ஓடல."

அண்ணனுக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருடம் ஆகிறது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அவசரத்துக்கென்று ஒரே ஒரு சின்ன சிலிண்டர். சாலை மூழ்கிவிட்டது, ஆஸ்பத்திரிப் படகு மறுநாள் காலையில்தான் வரும் என்று போனில் சொல்லிவிட்டார்களாம். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அண்ணன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். சிலிண்டரின் முள் பாதிக்குக் கீழே இருந்தது.

"எத்தனை மணி நேரம் வரும்கா?"

"மூணு. சிக்கனமா வெச்சா மூணரை" என்றார் அக்கா.

மெஷினின் பின்மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்து அதிர்ந்தே ஓடுகிற மெஷின் அது. மோட்டாருக்கு மின்சாரம் போகிற இடத்தில், ஈயம் வைத்த புள்ளியைச் சுற்றி மயிரிழை அளவுக்கு வட்டமாக ஒரு விரிசல். அவ்வளவுதான் நோய். ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி மறுபடி உட்காரவைத்தால் தீர்ந்தது.

"அயனை எடு, காட்டு. நான் பார்த்ததே இல்ல" என்றார் அண்ணன்.

"பேசாதீங்கண்ணே, மூச்சு வாங்கும்."

"கேக்காம இருந்தாத்தாம்மா எனக்கு மூச்சு முட்டுது."

எடுத்துக் காட்டினேன். பேனா நீளம்தான் இருக்கும். முன்பக்கம் ஊசி முனை, நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திரை, பின்பக்கம் போன் சார்ஜர் நுழைகிற மாதிரி டைப்-சி ஓட்டை.

"பேட்டரி எங்க?"

"உள்ள கிடையாதுண்ணே. எதுல செருகுறமோ அதுகிட்ட கேட்டு வாங்கிக்கும். இருபது வோல்ட் தர்றியா, பதினஞ்சு தர்றியான்னு பேரம் பேசும். இருபது கிடைச்சா பத்து எண்ணுறதுக்குள்ள முந்நூத்தி இருபது டிகிரி. கீழ வெச்சுட்டா அதுவே தெரிஞ்சிக்கிட்டுத் தூங்கிடும். கையில எடுத்தா முழிச்சிக்கும். உள்ள ஓடுற புரோகிராமை நானே மாத்தி எழுதிக்கலாம்."

"பரவாயில்லியே, நம்ம டிப்போ டிரைவரை விடப் பொறுப்பா இருக்கும்போல" என்று சிரித்து, இருமி, அக்காவிடம் முறைப்பு வாங்கினார்.

முதலில் என் பழைய பவர் பேங்கில் செருகினேன். அது போனுக்கானது, ஐந்து வோல்ட்டுக்கு மேல் தராது. திரை எரிந்தது. எண் இருபத்தேழில் தொடங்கி ஏறி ஏறித் தொண்ணூறில் நின்றுவிட்டது. தொண்ணூறில் ஈயம் அசைந்துகூடக் கொடுக்காது. ஸ்கூட்டர் பேட்டரிகளைக் கேட்டுப் பயனில்லை, அவை தங்கள் வண்டியைத் தவிர வேறு எதனோடும் பேசாது. மிச்சம் இருந்தது சுவர்தான். செருகினேன்.

"தாங்கள் யார்?" என்றது பெட்டி. அயன் உண்மையைச் சொன்னது.

"மன்னிக்கவும். வெப்பக் கருவிகளுக்குப் பங்கு இல்லை."

நான் கூட்டத்தில் சொன்ன வாசகத்தைத்தான் அது எனக்கே திருப்பிச் சொன்னது. அக்கா திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அடுப்புல ஒரு கம்பியைக் காய்ச்சி வையேன்" என்றார் அண்ணன்.

"புள்ளி எள்ளு அளவுதாண்ணே. காய்ச்சின கம்பி எத்தனை டிகிரின்னு யாருக்குத் தெரியும்? கொஞ்சம் கூடிட்டா அடியில இருக்கிற செம்புத் தகடே உரிஞ்சி வந்துடும். அப்புறம் மெஷின் மெஷினாவே இருக்காது."

ஹாஜா மொய்தீனுக்குப் போன் போட்டேன். பேட்டரி அறையைப் பார்த்துக்கொள்கிற பையன். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன், வயது முப்பது, மூன்று வாரம் முன்புதான் அப்பாவானான். மழைக்கோட்டில் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"பத்து நிமிஷம் அயனுக்குத் திறந்து விடு தம்பி."

"என்கிட்ட ஏதுக்கா சாவி? மூணுல ரெண்டு பங்கு வீடு கைரேகை வெச்சாத்தான் விதி திறக்கும். நாப்பத்திரண்டு வீடு. பாதித் தெரு அந்தப் பக்கம் ஸ்கூல்ல தங்கியிருக்கு, இருபது வீட்டுக்காரங்களைக்கூட இப்பத் தேடிப் பிடிக்க முடியாது. சாவி யாரு கையிலயும் வேணாம்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே சுடவேண்டியது சுடாமல் இருந்ததுதான் என் வினை.

மெஷினின் வயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நுனியில் ஒட்டியிருந்த சீட்டில் பன்னிரண்டு இலக்க எண். அந்த எண்ணைச் சொன்னால் பெட்டி கேள்வி கேட்காமல் கொடுக்கும். என் அயனோ, யார் என்று கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்பதை என்னிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தேன்; அதன் ஓட்டையும் ஐந்து வோல்ட்தான் தரும், எழுத மட்டும்தான் உதவும்.

"ஹாஜா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் பாரு."

அவன் நான் என்ன செய்கிறேன் என்று புரிந்துகொண்டான். முகத்தில் அதிர்ச்சி இருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக ஏதோ ஒரு ஆச்சரியம், சிரிப்பை அடக்குகிற மாதிரி.

"நீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தக் கேள்வியை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஒரே ஒரு வரிதான் மாற்றினேன். அயனைச் சுவரில் செருகினேன்.

"தாங்கள் யார்?"

என் சால்டரிங் அயன் தன்னை ஆக்ஸிஜன் மெஷின் என்றது.

"வருக" என்றது பெட்டி.

எண்கள் விறுவிறுவென்று ஏறின. அண்ணன் கண்ணை விரித்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்நூற்று இருபது. விரிசல் விட்ட புள்ளியில் முனையை வைத்தேன், ஈயம் பளபளவென்று உருகி ஓடி உட்கார்ந்தது. வந்ததுதான் வந்தோம் என்று பூதக்கண்ணாடியை வைத்து மற்ற இடங்களையும் பார்த்தேன். அயனைக் கீழே வைத்துவிட்டுத் தேடுவேன், அது தூங்கிப்போகும். சந்தேகமான புள்ளி கிடைத்தால் எடுப்பேன், விழித்துக்கொள்ளும். இப்படி நாலு தடவை. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. மூடியைப் போட்டு, மெஷினின் வயரைச் சுவரில் செருகினேன்.

"தாங்கள் யார்?"

மெஷின் தன் எண்ணைச் சொன்னது.

"மன்னிக்கவும். இக்கருவி சென்ற கால் மணி நேரத்தில் நான்கு முறை நின்று நின்று இயங்கியுள்ளது. பழுதுள்ளதாகக் கருதப்படுகிறது. தங்கள் பாதுகாப்புக்காக இருபத்துநான்கு மணி நேரம் பங்கு நிறுத்தப்படுகிறது. தங்கள் உடல்நலத்துக்கு வாழ்த்துகள்."

வயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். அதே பதில்தான்.

"என்னா சொல்லுது?" என்றார் அக்கா.

"என் அயனோட கோளாறை இது தலையில கட்டிடுச்சுக்கா." நெற்றியில் அடித்துக்கொண்டேன். "மெஷின்னா ஒரே சீரா ஓடும். அயன் விட்டு விட்டுத்தான் இழுக்கும். பேரைத்தான் மாத்தினேன், அது நடக்கிற நடையை மாத்தாம விட்டுட்டேன். சீரா இழுன்னு இன்னொரு வரி எழுதியிருந்தா போதும். எனக்குத் தோணவே இல்ல."

இருபத்தைந்து வருடத் தொழிலில் நான் செய்த தப்புகளைக் கணக்கெடுத்தால் அதற்குத் தனியாக ஒரு நோட்டு வேண்டும். ஆனால் ஒருவர் மூச்சை நிறுத்துகிற தப்பு இதுதான். அயனில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். மெஷின் வயரின் சில்லு மருத்துவக் கருவிக்கானது, முத்திரை வைத்து மூடியது, அதில் கை வைக்க முடியாது. பெட்டியிடம் கெஞ்சினால் அது வாழ்த்துச் சொல்லும். சிலிண்டரின் முள் கால் பங்குக்கு வந்திருந்தது. அக்கா திருகைக் கொஞ்சம் குறைத்தார். அண்ணனின் உதடு லேசாகக் கறுக்கத் தொடங்கியது.

"விடும்மா" என்றார் அவர், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை எடுத்து. "பொய் சொன்னாலும்... நல்லாப் பத்தவெச்ச."

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே பார்த்தபோது தையல்நாயகி அக்கா ஹாஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சிலிண்டர் பக்கம் திரும்பிவிட்டார். ஹாஜா மழைக்கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் வெளியே போனான்.

இருபது நிமிடம் கழித்து வந்தான். சட்டைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் பழைய வயர் ஒன்றை எடுத்து, தலைத்துண்டால் துடைத்து, மெஷினில் ஒரு முனையும் சுவரில் ஒரு முனையும் செருகினான். வேறு எண் ஒன்று ஒலித்தது. மூன்று நாளாகச் சீராக ஓடுகிற, நல்ல பெயரெடுத்த எண்.

"அதிகமாகக் கேட்கிறீர்கள். நோயாளியின் நிலை மோசமாகியுள்ளதாகக் கொள்ளப்படுகிறது. வருக" என்றது பெட்டி.

மெஷின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அக்கா குழாயை மாற்றி மாட்டினார். பத்து நிமிடத்தில் அண்ணனின் உதட்டில் நிறம் திரும்பியது. எனக்கு அந்த மெஷினைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கவேண்டும் போலிருந்தது. கொடுக்கவும் செய்தேன்.

அப்புறம்தான் வயரைப் பார்த்தேன். நடுவில் ஒரு துணிப் பட்டை, அதில் மங்கிப்போன மையில் 'க.பெ.' என்று எழுதியிருந்தது. டிக்கெட் கட்டில் கணக்கு எழுதிப் பழகிய கண்டக்டர் கையெழுத்து.

"இது உங்க பழைய மெஷினோட வயர்தானே அண்ணே? ஹாஜா, உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

அக்காதான் சொன்னார்.

"நான்தான் குடுத்தேன். அவன் பிள்ளை எட்டாம் மாசத்துலயே பொறந்துச்சு இல்ல? ரெண்டு கிலோகூட இல்ல. சூட்டு மெத்தையில வெச்சிருக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பினாங்க. சூட்டு மெத்தைன்னு சொன்னா இந்தப் பொட்டி குடுக்குமா?"

"அதனால அந்த வயரை வெட்டி மெத்தையில ஒட்டவெச்சிக்கிட்டேன்" என்றான் ஹாஜா. "மூச்சு வயர்னு சொல்லுவாங்கக்கா. பழைய இரும்புக் கடையிலயும் கிடைக்கும். இப்ப மறுபடி பிரிச்சி, பழைய தலையை மாட்டி எடுத்துட்டு வந்தேன்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா! அந்த முள்ளு இறங்கினப்பவே!"

தையல்நாயகி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பிள்ளைக்குன்னு குடுத்ததை எப்படிம்மா திருப்பிக் கேப்பேன்?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சூடு இல்லாமல் நாலு நாள் இருந்தால் யாரும் சாகமாட்டோம் என்று சொன்ன வாய் இது. மூன்று வீடு தள்ளி ஒரு பிள்ளை பொய்யான பெயரில் குளிர் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. என் சட்டத்துக்குப் பயந்து அதன் அப்பன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இப்ப பிள்ளை?" என்றேன்.

"ஜுலைஹா நெஞ்சோட சேத்து வெச்சிருக்கா. ஆனா அவளுக்கே ராத்திரியிலேர்ந்து குளிர் காய்ச்சல். கூரையும் ஒழுவுது. டாக்டர் ரெண்டும் வேணும்னாரு, மெத்தையும் தாயோட உடம்புச் சூடும்." அவன் பேசிக்கொண்டே வாசலைப் பார்த்தான். இரண்டு உயிருக்கு நடுவே ஒரு வயரை வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் என்ன சொல்வது?

நான் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன், மெஷினின் முதுகுப் பக்கம். மழையில் நனைந்து விறைத்துப்போயிருந்த என் கணுக்காலில் ஏதோ இதமாகப் பட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அது என்னவென்றே யோசிக்கவில்லை. அப்புறம் கையை நீட்டிப் பார்த்தேன்.

மெஷின் ஓடினால் சூடாகும். அந்தச் சூட்டைப் பின்பக்கச் சல்லடை வழியாக வெளியே தள்ளும். அது ஓடத் தொடங்கிய நாளிலிருந்து தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

பவர் பேங்கை எடுத்து அயனைச் செருகினேன். ஐந்து வோல்ட் ஈயத்தை உருக்கத்தான் போதாது. திரை எரியப் போதும், முனையில் எவ்வளவு சூடு என்று சொல்லப் போதும். அயனைச் சூடேற்றாமல் முனையைச் சல்லடைக்கு முன்னால் பிடித்தேன். இருபத்தேழு. முப்பத்திரண்டு. முப்பத்தாறில் நின்றது. ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் முப்பத்தைந்து.

"ஜுலைஹாவையும் பிள்ளையையும் கூட்டிட்டு வா" என்றேன். "ஓடு!"

தார்ப்பாய்க்குள் சுருட்டிக்கொண்டு வந்தான். ஜுலைஹா மெஷினுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். காய்ச்சலில் முகம் வெளிறியிருந்தது. அக்கா உலர்ந்த சேலையைப் போர்த்திவிட்டார்.

"மூஞ்சியை அந்தப் பக்கம் காட்டாதம்மா" என்றேன். "ஆக்ஸிஜனை எடுத்துக்கிட்டு மிச்சக் காத்தைத்தான் இது வெளிய விடுது. முதுகுலயும் கால்லயும் மட்டும் படட்டும். சன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க."

பிள்ளையின் கால் என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. நீலம் பாரித்திருந்த அந்தக் காலை நாலு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கட்டிலிலிருந்து தலையை நீட்டி அண்ணனும் பார்த்தார். அரை மணி நேரத்தில் அது சிவந்தது. பிள்ளை வாயைத் திறந்து, யாரோ அதன் காலை மிதித்துவிட்ட மாதிரி, ஒரு அழுகை அழுதது.

"அண்ணே, உங்க வீட்டுக் கரண்டை நாங்க..." என்று ஆரம்பித்தாள் ஜுலைஹா.

"அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட் இல்லம்மா" என்றார் அவர்.

அன்று மாலையிலிருந்து மறுநாள் காலைவரை நான் அரை மணிக்கு ஒருமுறை அயனைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. படகு வந்து, இரண்டு நோயாளியையும் ஒரு பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் பவர் பேங்கைப் பிடுங்கினேன்.

பதினைந்து நாள் கழித்து அதே சமுதாயக் கூடத்தில் கூட்டம். தண்ணீர் நின்ற கோடு சுவரில் இடுப்பளவுக்கு இருந்தது. கலியபெருமாள் அண்ணன் கையடக்கச் சிலிண்டருடன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்து, சூடு சொகுசு என்று நான் சொன்னது தப்பு என்றேன். பிள்ளையின் கதையைச் சொன்னேன். மெஷின் நின்றதையும், ஹாஜாவிடம் முன்பே கேட்டுக்கொண்டு, அவன் வயர் கொண்டுவந்ததையும் சொன்னேன். அண்ணனின் மெஷின் எண்ணைப் பெட்டி ஏன் நிறுத்திவைத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. மேடையில் நின்றதும் அந்த இடத்தில் நாக்கு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சட்டம் பேசியவளுக்கு அவ்வளவு சுலபமாக வாய் வருமா?

"விதியை மாத்தணும்" என்றேன். "அதுக்கு முதல்ல உண்மை தெரியணும். யாரு வீட்லல்லாம் மூச்சு வயர் இருக்கு? அபராதம் கிடையாது. கையை மட்டும் தூக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. ஹாஜா எழுந்து கையைத் தூக்கினான். பின்வரிசையில் ஒரு கிழவர் தூக்கினார். "எம் பொண்டாட்டி முட்டிக்கு ஒத்தடம்" என்றார். அப்புறம் ஒரு பெண், பால்புட்டி கொதிக்கவைக்க என்றாள். ஒருத்தி, மாமியாருக்கு வெந்நீர். ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு, டிவிதான் என்றான். சிரிப்பு எழுந்ததும் பயம் விட்டுப்போய்க் கைகள் மளமளவென்று உயர்ந்தன. நான் போட்ட சட்டம் தெருவில் ஒருநாள்கூட நடக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. 'நீங்களாக்கா?' என்று ஹாஜா ஏன் கேட்டான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஹாஜா எண்ணினான். "இருபத்தி மூணு கை. பெட்டியில இருபத்தி நாலு ஆக்ஸிஜன் மெஷின் பதிவாகியிருக்கு. மிச்சம் ஒண்ணு அண்ணனோட அசல் மெஷின். கணக்கு சரியாப் போச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் நோட்டை மூடினான். என் அயன் சொன்னதும் அண்ணனின் எண்ணைத்தான், அதனால் அது தனியாகக் கணக்கில் வரவில்லை; என்னைக் காப்பாற்றுகிறான் என்று எனக்குப் புரிந்தது.

கலியபெருமாள் அண்ணன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, பழைய பழக்கத்தில் கூட்டத்தை முன்னாலிருந்து பின்னால்வரை ஒருமுறை பார்த்தார்.

"கணக்கு இடிக்குதே" என்றார். "வண்டியில இன்னும் ஒரு ஆளு டிக்கெட் எடுக்கல."

கூடம் மொத்தமும் யார் யார் என்று திரும்பிப் பார்த்தது. என் பையில் அயன் இருந்தது. அந்த ஒரு வரியை நான் இன்னும் மாற்றவில்லை. எந்தச் சுவரில் செருகினாலும் அது இன்றைக்கும் தன்னை ஆக்ஸிஜன் மெஷின் என்றுதான் சொல்லும்.

பையைத் திறந்து அதை எடுத்தேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கையைத் தூக்கினேன்.